கிரேன் அக்காவின் கேள்வி

ஒருவரைப் புதிதாகக் கண்டால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, "ஊரில எவடம்?" அதற்கு அடுத்தது, கலியாணம் கட்டியாச்சா, பிள்ளைகள் எத்தனை பேர். கிரேன் அக்கா இதில் ஒன்றையும் கேட்டு நான் காணவில்லை. பெண்ணாகப் பிறந்த யாரைக் கண்டாலும் அவர் வாயில் முதலில் வருவது, "நீ எங்க வேலை?" பெயரைக்கூட அதற்குப் பிறகுதான் கேட்பார். பதில் பிடிக்காவிட்டால் பெயரைக் கேட்காமலே விட்டுவிடுவார்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. நீளமான பெயர். ஆளுக்கொரு விதமாக நாங்கள் அதைக் கடித்துக் குதறியதைக் கேட்டு அவரே வேண்டாம் என்று விட்டார். பல்கேரியாக்காரி. அங்கே ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டியவர் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் தொழிற்சாலை லைனில் நின்ற தமிழ்ப் பெண்கள் எல்லோருக்கும் அவர் கிரேன் அக்கா. அக்கா என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டார். சொன்னேன். அப்படியென்றால் அது வேண்டாம், கிரேன் மட்டும் போதும் என்றார். பெரியவரை வெறும் கிரேன் என்று கூப்பிட எங்களுக்கு நாக்கு வருமா? அக்கா ஒட்டிக்கொண்டது ஒட்டிக்கொண்டதுதான்.

அவருடைய இங்கிலிசும் என்னுடைய இங்கிலிசும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தவை. அதை அப்படியே எழுத எனக்கு வராது. அவர் சொன்னவற்றை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். ஒரேயொரு சொல்லை மட்டும் அவருடைய பாஷையில் விட வேண்டும். றபோத்தா. வேலை என்று அர்த்தம். இங்கிலிசில் பேசிக்கொண்டு போகும்போதே, வேலை என்று வருகிற இடத்தில் அவருக்கு அந்தச் சொல்தான் வரும். வாய் நிறையச் சொல்லுவார். நாங்களும் பழகி, காலையில் நேர அட்டையைப் பஞ்ச் பண்ணும்போது ஒருவருக்கொருவர் "றபோத்தா, றபோத்தா" என்று சொல்லிச் சிரிப்போம்.

கனடாவில் மில்லிக்கன் என்ற இடத்தில், ஸ்டீல்ஸ் வீதிக்குச் சற்று உள்ளே இருந்தது அந்தத் தொழிற்சாலை. காரின் கதவுக்குள் போகிற இரும்புத் தகடுகளை மெஷின் அடித்துத் தள்ளும். நாங்கள் எடுத்துப் பார்த்து, ஓரத்தில் பிசிறு இருந்தால் ஒதுக்கிவிட்டு, மற்றதைப் பெட்டியில் அடுக்க வேண்டும். முதல் நாள் சுப்பர்வைசர் என்னைக் கொண்டுபோய் அவருக்குப் பக்கத்தில் நிறுத்தினான். கையுறையைக்கூட நான் ஒழுங்காகப் போடவில்லை, கேள்வி வந்துவிட்டது.

"இஞ்சதான்," என்றேன். "உங்களுக்குப் பக்கத்தில."

அதற்கு முன்னால் எங்கே என்று கேட்டார். வீட்டில் என்றேன்.

"ஆற்றை வீட்டில?"

என் வீட்டில்தான், வேறு யாருடைய வீட்டில் என்றேன். சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது போலத் தகட்டை ஆட்டி ஆட்டிச் சொன்னார். "அது எனக்கும் இருக்கு. வேலையால போய்ச் சமைக்கிறன், கூட்டுறன், தோய்க்கிறன். அதை வேலை எண்டு சொல்லுறதெண்டா எனக்கு ரெண்டு வேலை. உனக்கு இண்டையில இருந்துதான் ஒண்டு."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சண்டைக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஓடியவள் நான். அதெல்லாம் இவவுக்கு வேலையாகத் தெரியவில்லையாக்கும் என்று வீட்டுக்கு வந்து என் மனுசனிடம் பொரிந்து தள்ளினேன். மனுசன் கேட்டுவிட்டு, அந்த அக்கா சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்றார். அன்றைக்கு அவருக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

ஆனால் சாப்பாட்டு மேசையில் அந்தக் கிரேன் கதையைக் கேட்டால் யாருக்கும் கோபம் நிற்காது. ஆலையின் கூரைக்குக் கீழே, பனை உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூடு. ஏணியில் ஏறிப் போய் உட்கார்ந்தால் சிஃப்ட் முடியும்வரை இறங்க மாட்டார்களாம். ஒரு சுடுதண்ணிப் போத்தல், முதுகுக்குக் கம்பளித் தலையணை, ஒரு டப்பாவில் பூச்செடி. கீழே உருகின இரும்பு வாளி வாளியாகப் போகும். அதைத் தூக்குவதும் சாய்ப்பதும் இவருடைய கை. அப்போது அங்கே கிரேன் ஓட்டியவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்தானாம். ஆம்பிளைகளுக்குக் கை நடுங்கும், குடிக்கிற கை, என்பார்.

அப்படியானால் இங்கேயும் கிரேன் வேலை கேட்டிருக்கலாமே என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். எங்கள் தொழிற்சாலையிலும் கிரேன் இருந்தது. ஒரு பெடியன் கீழே நின்று, தொங்குகிற வயரின் நுனியில் இருந்த பட்டனை அமத்தி அமத்தி அதை நடத்திக்கொண்டு போவான். கிரேன் அக்கா அவனைக் கையால் காட்டினார். "உது கிரேனோ? உது நாயைச் சங்கிலியில பிடிச்சுக்கொண்டு உலாத்துறது." அதோடு அந்தக் கதை முடிந்தது. ஆனால் அந்தப் பெடியன் பாரத்தை ஆட்டிக்கொண்டு போகிற நேரமெல்லாம் அவர் தகட்டைக் கையில் பிடித்தபடி மேலே பார்த்துக்கொண்டு நிற்பார். பெட்டி தரையில் இறங்கும்வரை அடுத்த தகட்டை எடுக்க மாட்டார்.

பிறகு அவருடைய நாட்டில் அரசாங்கம் மாறியது. கட்சி போனது, ஆலையை விற்றார்கள், கழுத்துப்பட்டி கட்டின புது ஆட்கள் வந்தார்கள். முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் பெண்கள். உங்களைக் கட்டாயப்படுத்தி ஆம்பிளைகள் ஆக்கிவிட்டார்கள், இனிப் போய்ச் சந்தோசமாகப் பெண்களாக இருங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள் என்று கூட்டம் வைத்துச் சொன்னார்களாம். ஆலையோடு இருந்த பிள்ளைகள் டேகெயாரைப் பூட்டி, அந்தக் கட்டடத்தில் காசு போட்டு விளையாடுகிற மெஷின்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். வேலை விளம்பரங்களில் படம் அனுப்பு, வயது சொல்லு, லட்சணமாக இருக்க வேண்டும் என்று வந்தது. இவர் ஒரு கந்தோருக்குப் போனார். அங்கே இருந்தவன் சான்றிதழ் எதையும் பார்க்காமல், கோப்பி போடத் தெரியுமா என்று கேட்டிருக்கிறான். "மேல இருக்கேக்க ஒருத்தனும் என்னட்டக் கோப்பி கேக்கேல்லை," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அதற்காகப் பழைய காலத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற ஆளும் இல்லை. மார்ச் மாதம் பெண்கள் தினத்தன்று எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பூ கொண்டுவருவார். கார்னேசன். அந்த நாட்களில் ஆலையில் கொடுப்பார்களாம். டைரக்டர் வந்து பேசுவார், பெண்களைப் புகழ்ந்து தள்ளுவார், ஆம்பிளைகள் எழும்பி நின்று பெண்களின் பெயரைச் சொல்லிக் குடிப்பார்கள். "பிறகு அந்தக் கிளாசுகளை ஆர் கழுவினது எண்டு நினைக்கிறாய்?" என்பார். வீட்டுக்குப் போனால் பாணுக்குக் கியூ, இறைச்சிக்குக் கியூ, அடுப்பு, புருசன். அப்போதும் கழுவினோம், இப்போதும் கழுவுகிறோம் என்று சொல்லிவிட்டு, புது ஆட்கள் செய்தது என்னவென்றால் வேலையை எடுத்துவிட்டுப் பூவைப் பெரிதாக்கினதுதான் என்பார்.

இவ்வளவும் சொல்கிறவருக்கு ஒரு மகள் இருந்தாள், ஒரே மகள். வேலை போய், புருசனும் போய், இங்கே ஒரு வயோதிபப் பெண்ணைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கென்று கிரேன் அக்கா வந்தபோது, பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில் இருந்த மகளைத் தன் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்தார். இரண்டு வருசத்தில் திரும்புவதாகத்தான் எண்ணம். எங்கள் எல்லோருக்கும் அந்த இரண்டு வருசம் தெரியும். மகள் எஞ்சினியரிங் படிக்கக் காசு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் எடுப்பார். திங்கட்கிழமை வேலைக்கு வரும்போது, மகள் என்ன பேசினாள் என்பது முகத்திலேயே தெரியும். அந்த மகள் ஒரு வேலையில் ஏறி உட்கார வேண்டும், யாரும் இறக்க முடியாத இடத்தில். அவர் இந்த நாட்டில் குளிரில் நின்றது அதற்குத்தான்.

அந்தப் பிள்ளை வளர்ந்த விதத்தையும் அவர்தான் சொன்னார். அங்கே கிழமை டேகெயார் என்று ஒன்று இருந்ததாம். திங்கட்கிழமை காலை கொண்டுபோய் விட்டால் சனிக்கிழமை மத்தியானம் போய்க் கூட்டிக்கொண்டு வரலாம். இரவிலும் அங்கேதானா என்று கேட்டேன். தனக்கு நைட் சிஃப்ட், வேறென்ன செய்வது என்றார். வெள்ளை விரிப்பு, பால், டொக்டர், ஒரு சதம் கட்டத் தேவையில்லை என்று பெருமையாக அடுக்கிக்கொண்டே போனார். பிள்ளைகள் அங்கே வேலைசெய்த பெண்களைத் தோழர் என்று கூப்பிட வேண்டும். சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வரும்போது மகள் இவரையும் தோழர் என்றுதான் கூப்பிடுவாளாம். ஞாயிறு பின்னேரம் ஆகும்போதுதான் அம்மா என்று வாய் வருமாம். திங்கள் காலை திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். இதை ஒரு பகிடியாகத்தான் சொன்னார். நாங்களும் சிரித்தோம். பிள்ளையை மனுசனிடம் விட்டுவிட்டு வந்து, அவர் வேலைக்குப் போகிற நேரத்தில் வீட்டுக்கு ஓடுகிற நான் எந்த வாயால் சிரித்தேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

என் மச்சாளின் மகளுக்குச் சாமத்திய வீடு வந்தது. மச்சாள் என்றால் மனுசனின் தங்கச்சி. பெரிய ஹோல், மேடை நிறையப் பூ, பிள்ளை பல்லக்கில் வந்து இறங்கியது. கிரேன் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல நீலச் சட்டை போட்டு, சொண்டுக்குச் சாயம் பூசி வந்திருந்தார். இது எதற்கு என்று கேட்டார். பிள்ளை பெரியபிள்ளை ஆகிவிட்டாள், அதற்குத்தான் என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப எங்க வேலைக்குப் போகப்போறாள்?"

அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. கூறைச் சேலையில் மூச்சு விட முடியாமல் நின்றது. இவர் மேடையில் ஏறி, படம் எடுக்கிறவனையும் விலக்கிவிட்டு, கையைப் பிடித்துக் கேட்டேவிட்டார். பிள்ளை இங்கே பிறந்தது, இங்கிலிசில் பட்டென்று, மிருக வைத்தியராக வரப்போகிறேன் என்றது. கிரேன் அக்கா அதன் கையைப் பிடித்து ஆம்பிளைகளுக்குக் குலுக்குவது போலக் குலுக்கினார். வீடியோவில் அது இன்னும் இருக்கிறது.

அதோடு இறங்கியிருந்தால் நல்லது. பக்கத்தில் நின்ற மச்சாளிடமும் கேட்டார். மச்சாள் வீட்டில் இருக்கிறேன் என்றாள்.

"ஆற்றை வீட்டில?"

மச்சாளின் முகம் செத்துப்போயிற்று. அவளை வேலைக்கு விடாதது அவளுடைய மனுசன். கார் பழக விடவில்லை, இங்கிலிசு வகுப்புக்கு விடவில்லை. அது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒருமுறை அவள் ஊருக்குப் போன் எடுத்து அழுதபோது அவளுடைய தாய், என் மாமி, சொன்னது, "பொறுத்துப் போ பிள்ளை." இப்போது முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரி மேடையில் வைத்து, நீ யாருடைய வீட்டில் இருக்கிறாய் என்று கேட்கிறாள். மச்சாள் போய் வோஷ்ரூமில் நின்று அழுதாள். நான் கிரேன் அக்காவைச் சோற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், நீங்கள் செய்தது பிழை, எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்கக்கூடாது என்று ஏசினேன். அவர் கோழிக்கறியைச் சுவைத்தபடி, நான் பிழையாக ஒன்றும் கேட்கவில்லையே என்றார். மனதறிந்து யாரையும் நோகடிக்கிற ஆள் இல்லை. அந்தக் கேள்வி குத்தும் என்பதே அவருக்கு விளங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மச்சாள் அதற்கடுத்த வருசம் மனுசனோடு மல்லுக்கட்டி ஒரு நேர்சிங் ஹோமில் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது பிக்கரிங்கில் வீடு, அவள் பெயரிலும் இருக்கிறது. ஆனால் இன்றைக்கும் கிரேன் அக்காவின் பேச்சை எடுத்தால், "அந்தத் திமிர் பிடிச்ச மனுசி" என்றுதான் சொல்லுவாள்.

தன் மகளை மட்டும் அந்தக் கேள்வியால் அசைக்க முடியவில்லை. படித்து முடித்த கையோடு அவள் கலியாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்து விற்கிற ஆள், நல்ல வசதி. படம் வந்தது. நாங்கள் எல்லோரும் வடிவு, வடிவு என்று பார்த்தோம். கிரேன் அக்கா மகளின் கையை மட்டும் பார்த்தார். நீள நகம் வளர்த்துச் சிவப்புப் பூசியிருந்தது. இந்த நகத்தோடு எந்த லீவரைப் பிடிக்கிறது என்று என்னிடம் கேட்டார். என்னிடம் கேட்டால்?

பிள்ளை பிறந்தது. மகள் வேலைக்குப் போகவில்லை, போகப்போவதும் இல்லை என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சண்டை. மகள் என்ன சொல்கிறாள் என்று கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒருமுறை மட்டும் தகட்டைப் பார்த்தபடி சொன்னார். தன் பிள்ளை தன்னைச் சனிக்கிழமை வரை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை என்று மகள் சொன்னாளாம். அவருடைய நாட்டில் இப்போது அந்த வயதுப் பெண்கள் எல்லோரும் அப்படித்தானாம். தாய்மார் பட்ட பாட்டைப் பார்த்து, எங்களுக்கு அந்தச் சமத்துவம் வேண்டாம், வீட்டில் இருக்கிற உரிமை போதும் என்கிறார்களாம். "நாங்கள் ஏறின ஏணியை அவளவை கழட்டி விறகுக்கு எரிக்கிறாளவை," என்றார். எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத் தெரிந்தது. ஆனால் கிரேன் அக்காவிடம் அதைச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை.

சில வருசம் கழிந்தது. ஒரு புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில் அவருடைய போன் அடித்தது. ஞாயிறு அல்லாத நாளில் மகள் எடுக்கிறாள். கிரேன் அக்கா எழும்பி நின்று பேசினார். எனக்கு அந்தப் பாஷையில் தெரிந்தது ஒரு சொல்தான், அந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தது. றபோத்தா. அந்தப் பக்கத்தில் ஏதோ சொல்கிறாள், இவர் றபோத்தா என்கிறார். திரும்பவும் ஏதோ சொல்கிறாள், திரும்பவும் றபோத்தா. கடைசியில் அந்தப் பக்கத்தில் பேச்சு இல்லை. இவர் மட்டும் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனை வைத்தார்.

முகத்தில் அப்படியொரு வெளிச்சம். இத்தனை வருசம் சொன்னது இப்போதாவது உறைத்ததே என்கிற சந்தோசம்.

"புருசனோட இருக்கேலாதாம். பிள்ளையையும் கொண்டு இஞ்ச என்னட்ட வரட்டோ எண்டு கேக்கிறாள்."

கடவுளே, வரச் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"முதல்ல ஒரு வேலையைத் தேடு எண்டு சொன்னன். கையில வேலை வந்தாப்பிறகு வெளிக்கிடு. வேலை இல்லாமல் வெளிக்கிட்டவள், அடுத்த மாசம் அவன்ர வாசலில போய் நிக்கவேணும்."

வரச் சொல்லியிருக்கலாமே அக்கா, வந்த பிறகு வேலை தேடலாமே என்றேன். இங்கே வந்து என்ன செய்ய, என்னைப்போல நின்று பெட்டி அடுக்கவா, அவள் எஞ்சினியர் என்றார். பிறகு உட்கார்ந்து, கொண்டுவந்த சூப்பை மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார்.

நான் என் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். அந்தப் பதிலை எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று மனம் அடித்துக்கொண்டே இருந்தது. பின்னேரம் கார் ஓட்டிக்கொண்டு வரும்போதுதான் பிடிபட்டது. என் மாமி தன் மகளுக்கு, பொறுத்துப் போ என்று சொன்னதும் இதுதான். மாமி சொன்னது குடும்ப மானத்துக்காக. இவர் சொன்னது மகள் ஒருத்தன் கையையும் பார்க்காமல் வாழ வேண்டும் என்பதற்காக. ஒன்றுக்கொன்று நேர்மாறு. ஆனால் போனை வைத்துவிட்டு அந்த இரண்டு மகள்மாரும் திரும்பிப் போனது அதே வீட்டுக்குள்தான்.

அடுத்த ஞாயிறு மகள் போனை எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. தமக்கையிடம் விசாரித்தால், இருக்கிறாள், சுகமாக இருக்கிறாள், புருசனோடுதான் இருக்கிறாள் என்றாராம். கிரேன் அக்கா முதலில் கோபப்பட்டார். வேலை தேடச் சொன்னதற்குக் கோபமா என்று திட்டினார். பனி வந்து, போய், வெயில் வந்தது. திட்டுவது குறைந்து பேச்சே குறைந்தது. லைனுக்குப் புதிதாக வருகிற பெண்களிடம் அதே கேள்வியைக் கேட்பார், ஆனால் பதில் வருவதற்கிடையில் திரும்பிவிடுவார்.

ஒருநாள் இருவரும் தகட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது தானாகவே சொன்னார். "ஏன் இருக்கேலாது எண்டு நான் கேக்கேல்லை. அடிச்சவனோ, வேற ஆரும் இருக்கினமோ, ஒண்டும் தெரியாது. ஏன் எண்டு கேக்கேல்லை." மெஷின் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாரோ தெரியாது, கிட்ட வந்தார். "நான் சொன்னது சரி. இப்ப கேட்டாலும் அதைத்தான் சொல்லுவன். ஆனா அவள் என்னட்ட வேலை கேக்கேல்லை. படுக்க ஒரு இடம் கேட்டவள்."

அந்தக் கிழமையே ஒரு மடக்குக் கட்டில் வாங்கினார். அவர் இருந்தது ஒரு பேஸ்மென்ட் அறையில். கட்டிலை விரித்தால் கதவு முழுதாகத் திறக்காது. நான்தான் என் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன். சின்னப் பிள்ளைக்கென்று பூப்போட்ட விரிப்பும் வாங்கி வைத்திருந்தார். கோடையில் லீவு எடுத்துக்கொண்டு, போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று பல்கேரியாவுக்குப் போனார்.

பிறகு எங்கள் தொழிற்சாலை மெக்சிக்கோவுக்குப் போய்விட்டது. ஆளுக்கொரு பக்கம் சிதறினோம். அவர் நயாகரா பக்கம் யாரோ சிநேகிதியோடு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பழைய போன் நம்பர் வேலை செய்யவில்லை. நான் இன்னும் கொஞ்சம் தேடியிருக்கலாம், தேடவில்லை, அந்த மனவருத்தம் இருக்கிறது. ஆற அமர அவரோடு கடைசியாகப் பேசியது, அவர் அந்தப் பயணத்தால் திரும்பி வந்த நாளில்தான். எயார்போட்டுக்கு நான் போனேன். அவர் தனியாக வந்தார்.

பெட்டியைத் தூக்கி வைத்தேன். ஹைவேயில் ஏறின பிறகு அவராகவே சொல்லத் தொடங்கினார். தமக்கை வீட்டில் தங்கி, மகளுடைய வீட்டுக்குப் போனாராம். பெரிய வீடு. மகள் கதிரை இழுத்துப் போட்டு, கோப்பி தந்து, பயணம் எப்படி என்று கேட்டிருக்கிறாள். கட்டில் வாங்கி வைத்திருக்கிறேன், இப்போதே பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா, வேலை ஒன்றும் வேண்டாம் என்று இவர் சொன்னாராம். வேலை வேண்டாம் என்று தன் வாயால் சொன்னேன் என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னார். மகள், அதெல்லாம் அப்போது, இப்போது ஒன்றும் இல்லை என்று சொல்லி, கோப்பி ஆறுகிறது, குடியுங்கள் என்றாளாம். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. விருந்தாளிக்கு வைக்கிற மரியாதை. கன்னத்தில் காயம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன், மேக்கப் போட்டிருந்தாள், தெரியவில்லை என்றார்.

பேச்சை மாற்றலாம் என்று, பேத்தி உங்களோடு சேர்ந்தாளா என்று கேட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். கதவைத் திறந்ததே பேத்திதானாம். படத்தில் பார்த்ததைவிட உயரமாம். யாரோ ஒரு மனுசி வந்திருக்கிறா, ஆர் இது என்று உள்ளே திரும்பிக் கேட்டதாம். மகள் குசினியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இவரைக் கண்டாள்.

"பிள்ளையிட்டச் சொன்னாள், 'இவ கனடாவில வேலை செய்யிறவ' எண்டு."

அம்மம்மா என்று சொல்லவில்லையா என்று கேட்டேன்.

கிரேன் அக்கா இல்லை என்று தலையை ஆட்டினார்.

"பொய் சொல்லேல்லைத்தானே," என்றார்.